அப்பச்சியின் கையெழுத்து

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் சட்ட யோசனை கேட்டு ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 36. நகரத்தார் வீட்டுப் பெண். 2013இல் திருமணம். மகனுக்கு இப்போது பத்து வயது. கணவர் 2018இல் மலேசியாவுக்கு வேலைக்குப் போனார். 2020 பொங்கலுக்கு வந்து பதினொரு நாள் இருந்துவிட்டுப் போனவர், பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. பணம் முதலில் குறைந்தது, அப்புறம் நின்றது. 2021 நடுவில் போனும் நின்றது. இரண்டு ஆண்டுக்கு முன்னால் பினாங்குத் தைப்பூசத்தில், வெள்ளி ரதத்துக்குப் பின்னால் நடந்து போன கூட்டத்தில் அவரைப் பார்த்ததாக ஓர் உறவினர் வந்து சொல்லியிருக்கிறார். “நன்றாகத்தான் இருக்கிறான், கொஞ்சம் பருத்திருக்கிறான்” என்றாராம். அந்த ஒரு வரிக்கு அப்புறம் கடிதத்தில் பேனா மாறியிருக்கிறது. இரண்டு நாள் கழித்துத்தான் மிச்சத்தை எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

தாய்வீட்டில் இருந்துகொண்டு, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எழுதும் வேலை பார்த்து மகனை வளர்க்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி விடுமுறைக்குக் கூப்பிட்டதால் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் ‘தகப்பனார் கையெழுத்து எங்கே’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். உடன் வேலை பார்க்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், இவரை மறுமணம் செய்துகொள்ள விரும்புகிறார். பையனுக்குத் தன் இனிஷியலையே தந்துவிடுவதாகவும் சொல்கிறார். இதற்கு நடுவில் கணவரின் பெரியப்பா மகன் ஒரு யோசனையோடு வந்திருக்கிறார். பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டை விற்கப் போகிறார்களாம். பையனுக்கு அதில் பங்கு வேண்டாம் என்று இவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், ‘பிள்ளை மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை’ என்று கணவரிடம் பத்திரத்தாளில் எழுதி வாங்கித் தருவாராம்.

நியூஜெர்சியில் இருக்கும் சித்தி மகள், ‘அங்கெல்லாம் இப்படி ஓடிப்போன தகப்பனுடைய உரிமையைக் கோர்ட்டே ரத்து செய்துவிடும்’ என்று சொல்லியிருக்கிறார். ஆகவே கேள்வி இது: “தகப்பன் என்கிற உரிமையை மொத்தமாக ரத்து செய்ய என்ன வழக்குப் போட வேண்டும்? நாளைக்கு வயதான காலத்தில் வந்து என் மகனிடம் சோறு போடு என்று நிற்கவும் கூடாது.”

ஆச்சி, உங்கள் கோபம் நியாயமானது. முப்பது ஆண்டாக இந்தப் பக்கத்து நீதிமன்றங்களில் வக்கீலாக நிற்கிறேன். உங்களைப் போலக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் பலர். அவர்களிடம் சொன்னதையே உங்களிடமும் முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்பது கிடைக்காது. கிடைத்தால் நஷ்டம் அவருக்கு இல்லை, உங்கள் மகனுக்கு.

‘ரத்து’ என்று ஒரு வழக்கு இல்லை

உங்கள் சித்தி மகள் சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவில் பெற்றோர் உரிமையை முடிவுக்குக் கொண்டுவரும் வழக்கு தனியாகவே உண்டு. பிள்ளையைக் கைவிட்டுப் போவது பல மாநிலங்களில் அதற்கு ஒரு காரணம். ஆனால் அங்கேயும் அது லேசில் நடப்பதில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு இல்லாவிட்டாலும், தெளிவான, நம்பத்தகுந்த சான்று இருந்தால்தான் அப்படி ஓர் உத்தரவு போடலாம் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. உத்தரவு வந்துவிட்டால், பொதுவாக அன்றிலிருந்து அந்தத் தகப்பன் பிள்ளைக்குப் பணம் கட்ட வேண்டிய கடமையும் போய்விடும். இந்தப் பின்பாதியைச் சித்தி மகள் சொல்லியிருக்க மாட்டார்.

நம் நாட்டில் உயிரோடு இருக்கும் தகப்பனைத் தகப்பன் இல்லை என்று ஆக்கும் தனி வழக்கு கிடையாது. பெற்ற உறவைச் சட்டம் முழுதாக அறுக்கும் இடம் ஒன்றுதான்: தத்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் சட்டத்தில் இருப்பது வேறொன்று. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், ‘அவருக்குப் பின்’ தாய் என்கிறது. இந்தப் ‘பின்’ என்ற சொல்லை நாற்பது ஆண்டுக்கு மேல் ‘தகப்பன் செத்த பின்’ என்றே எல்லா அலுவலகமும் படித்துக்கொண்டிருந்தன. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன் பத்திரம் வாங்கப் போனார். தாயின் கையெழுத்து போதாது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. உங்கள் பாஸ்போர்ட் கவுண்டர் கதைதான். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999இல் தீர்ப்பு வந்தது: ‘பின்’ என்றால் ‘இல்லாத நிலையில்’ என்று பொருள். தகப்பன் பிள்ளையைப் பற்றி முற்றிலும் அக்கறையற்று இருப்பதும் இல்லாத நிலைதான். அந்த நிலையில் தாயே இயற்கைக் காப்பாளர்.

கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் அட்டையில் ‘தந்தை / பாதுகாவலர் கையொப்பம்’ என்று இருக்கும் கோட்டில் மகனே ஏதோ கிறுக்கி, அதன் கீழே ‘அப்பச்சி’ (உங்கள் வீடுகளில் அப்பாவுக்கு அந்தச் சொல்தான்) என்று எழுதிக்கொண்டு போய், வகுப்பு ஆசிரியையிடம் மாட்டிக்கொண்டான் என்று. நீங்கள் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தக் கோட்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ‘தந்தை’ என்ற சொல்லுக்கும் ‘பாதுகாவலர்’ என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் நீங்கள் ஏற்கெனவே நிற்கிறீர்கள். அந்தப் பக்கத்தை அடித்தால்தான் கையெழுத்துப் போட முடியும் என்று யாரோ உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள்.

வெளியூரில் தகப்பன் இருப்பது செட்டிநாட்டுக்குப் புதிதா என்ன? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஆட்கள் மூன்று மூன்று வருடக் கணக்கில் திரும்பாமல் இருந்தார்கள். வீட்டை நடத்தியது ஆச்சிமார்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கடிதம் வந்தது, பணம் வந்தது, கணக்கு வந்தது. தூரத்தில் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றில்லை என்று நம் ஊருக்கு நன்றாகத் தெரியும். 1999இல் உச்ச நீதிமன்றமும் அதே வித்தியாசத்தைத்தான் பார்த்தது.

அந்தப் பத்திரத்தாள்

கணவரின் பெரியப்பா மகன் வாங்கித் தருவதாகச் சொல்லும் காகிதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. இருபது ரூபாய்ப் பத்திரமானாலும் ஆயிரம் ரூபாய்ப் பத்திரமானாலும், நோட்டரி முத்திரை ஐந்து குத்தினாலும் இல்லை. தகப்பன் பொறுப்பு எழுதிக் கொடுத்து உதறக்கூடிய சொத்து இல்லை.

இதைச் சொல்லும் பழைய வழக்கு சென்னையில் தொடங்கியதுதான். 1910இல் நாராயணையா என்பவர் தன் இரண்டு மகன்களையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் காப்பில் ஒப்படைத்து எழுதிக் கொடுத்தார். பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1912இல் தகப்பனுக்கு மனம் மாறியது, வழக்குப் போட்டார். 1914இல், அன்றைக்கு நமக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் வேறு காரணங்களால் அம்மையார் பக்கமே வழக்கு முடிந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு விதியைப் பதித்துவிட்டுப் போனது: தகப்பனின் காப்புரிமை ஒரு நம்பிக்கைப் பொறுப்பு, அதைத் தன் ஆயுள் காலத்தில் நிரந்தரமாக இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, ஒப்படைத்தாலும் திரும்பக் கேட்கலாம். ஆக, உங்கள் கணவர் இன்று எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கே ‘என் பிள்ளை’ என்று வந்து நின்றால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது.

இதற்கு ஈடாக உங்களிடம் கேட்பதோ நிஜமான சொத்து. பிள்ளையின் சொத்தைத் தாயோ தகப்பனோ நீதிமன்ற முன் அனுமதி இல்லாமல் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. அப்படிச் செய்தால், பையன் பெரியவனானதும் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யலாம். பதினெட்டு முடிந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கூட்டுக்குடும்பத்தின் பிரிக்காத பங்குக்கு விதி சற்று மாறும். குடும்பத் தலைவர், குடும்பத் தேவைக்காக என்றால், அனுமதி இல்லாமலும் விற்கலாம். ஆனால் அந்த வீட்டுக்குக் குடும்பத் தலைவர் நீங்கள் இல்லை. உங்கள் கையெழுத்தை அவர்கள் கேட்பதே அந்த விற்பனையில் அவர்களுக்கு ஏதோ பயம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். வாங்க வருபவரின் வக்கீல்தான் கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பையனுக்கு வளவில் இன்று பங்கு உண்டா என்று பத்திரம் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. பாட்டன், முப்பாட்டன் வழியாகப் பாகப்பிரிவினை ஆகாமல் வந்த பூர்வீகச் சொத்து என்றால் பிறப்பாலேயே உண்டு. உங்கள் மாமனாரே கட்டியது, வாங்கியது என்றால் நிலை வேறு. உங்கள் கணவர் உயிரோடு இருக்கும்வரை பையன் கேட்க முடியாமல் போகலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரத்தின் நகலும் வாங்குங்கள். இது ஒரு வாரத்து வேலை, சில நூறு ரூபாய்ச் செலவு. தேக்குத் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாகக் கழற்றி லாரி ஏறும் காலம் இது. பங்கு இருப்பது தெரிந்தால், விற்பனைக்கு முன்பே மகன் சார்பில் நீங்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேட்கலாம். தூண் போன பிறகு தடை வாங்கிப் பயனில்லை.

ஏழு ஆண்டுக் கணக்கு

‘ஏழு வருடம் வராவிட்டால் தாலி தானாக அறுந்தது போலத்தான் என்று ஆயா (பாட்டி) சொல்கிறார்கள், 2028 வரை பொறுத்தால் வழக்கே வேண்டாமல்லவா’ என்று கேட்கிறீர்கள். ஆயா சொல்வது பாதி சரி. அந்தப் பாதிதான் பலரைக் கெடுத்திருக்கிறது. எத்தனை ஆண்டு ஆனாலும் திருமணம் தானாக முறியாது. ஏழு ஆண்டாக ஒருவரைப் பற்றி, அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பதுதான் சட்டம். அதுவும் நீதிமன்றம் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு தைப்பூசத்தன்றே உடைந்துவிட்டது. பினாங்கில் பருத்திருக்கும் ஆளைச் செத்தவர் என்று சத்தியம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

உங்களுக்கு ஏழு ஆண்டு தேவையும் இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் தொடர்ந்து இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனாலே விவாகரத்துக்குக் காரணம். அது உங்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது. விவாகரத்து இல்லாமல் மறுமணம் செய்தால் அது செல்லாது. உங்கள் மேல் குற்ற வழக்கும் வரும், ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம். அந்த நல்ல மனிதரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டுவீர்கள்.

மறுமணமும் இனிஷியலும்

உங்கள் ஊரில் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, அன்றாடப் பேச்சு. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனே சிறுவயதில் சுவீகாரம் போனவர்தான். அதனால் புதிய கணவர் பையனைக் கூட்டிக்கொள்வதும் எளிது என்று நினைக்கிறீர்கள். ‘அவர் விட்டுவிட்டுப் போனவர், அவரை எதற்குக் கேட்க வேண்டும்’ என்பது உங்கள் வாதம்.

கேட்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 2010இல் திருத்தப்பட்ட பிறகு, பிள்ளையைத் தத்துக் கொடுக்கத் தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை. ஆனால் ஒருவர் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். விதிவிலக்கு மூன்றே மூன்று: மற்றவர் உலகைத் துறந்து சன்னியாசம் வாங்கியிருக்க வேண்டும், அல்லது இந்துவாக இல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். மலேசியாவுக்குப் போய் மறந்துபோனவர் இந்த மூன்றிலும் வரமாட்டார். ‘கைவிட்ட’ என்ற சொல் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தாய், தகப்பன் இருவருமே கைவிட்ட பிள்ளைக்குத்தான் அது பேசுகிறது. உங்கள் மகனைக் கைவிடாத ஒருவர் இருக்கிறாரே.

மாற்றுத் தகப்பன் தத்தெடுக்க 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகளில் தனி வழி இருக்கிறது. அரசின் தத்தெடுப்பு இணையதளத்தில் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் போய், மாவட்ட ஆட்சியரின் உத்தரவோடு முடிவது. அதற்கும் பெற்ற தகப்பனின் சம்மதப் படிவம் வேண்டும். பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடந்தால் அது முடிந்தபிறகுதான் ஆரம்பிக்கும்.

சம்மதம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தத்து முடிந்த அன்றே, பெற்ற குடும்பத்தோடு பையனின் உறவு சட்டப்படி அறுந்துவிடும். ஏற்கெனவே அவனுக்கு வந்து சேர்ந்த சொத்து மட்டும் அவனோடு போகும். பிரிக்காத பங்கு அப்படி ‘வந்து சேர்ந்தது’ தானா என்று நாளைக்கு ஒரு வாதம் கிளம்பும். உங்கள் கணவர் இறந்தால் வாரிசாகக் கேட்கும் உரிமை போய்விடும். அவரிடம் ஜீவனாம்சம் கேட்பதும் முடியும். செல்லத்தக்க தத்தைப் பிறகு ரத்து செய்யவும் முடியாது. கணவரின் பெரியப்பா மகன் பத்திரம் கொடுத்து வாங்கப் பார்ப்பதை நீங்கள் சும்மாவே கொடுத்துவிடுவீர்கள்.

மாறாக, தத்து இல்லாமல் நீங்கள் மறுமணம் மட்டும் செய்துகொண்டால் பையனின் உரிமை ஒரு துளியும் குறையாது. ‘நான் வேறு வீட்டுக்குப் போனால் பிள்ளைக்குப் பங்கு போய்விடும்’ என்று யாரோ மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். தவறு. விவாகரத்தோடு நீங்கள் அவருக்கு வாரிசு இல்லாமல் போவீர்கள். மகன் எப்போதும் முதல் வகுப்பு வாரிசுதான்.

இனிஷியல் விஷயத்தில் என் சொந்த அபிப்பிராயம், அதற்கு அவசரமே இல்லை என்பது. பையனுக்குப் பத்து வயது. அந்த மனிதர் முதலில் அவனோடு இரண்டு வருடம் பழகட்டும், சைக்கிள் பஞ்சரை ஒட்டிக் கொடுக்கட்டும். எழுத்து அப்புறம். பையனே பதினெட்டு வயதில் அரசிதழில் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ‘அப்பச்சி’ என்று கள்ளக் கையெழுத்துப் போடும் பிள்ளைக்கு அந்தச் சொல் இன்னும் முடிந்துபோன சொல் இல்லை என்பதையும் யோசியுங்கள்.

என்ன வழக்குப் போடலாம்

ஒரே மனு போதும். கைவிட்டுப் போனதைக் காரணமாகச் சொல்லி விவாகரத்து. அதே மனுவில் மகன் உங்கள் பொறுப்பில் இருக்க உத்தரவு. அதே மனுவில் மகனுக்கு மாதாமாதம் ஜீவனாம்சம். திருமணச் சட்டமே இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்க இடம் தருகிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் வசிக்கும் ஊரின் எல்லையிலேயே மனுப் போடலாம். மலேசியாவுக்கோ மாமியார் ஊருக்கோ போக வேண்டியதில்லை. விவாகரத்து இப்போது வேண்டாம் என்று தோன்றினால், 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் தனி மனுப் போடலாம். வக்கீல்கள் அதை ‘ஜி.டபிள்யூ.ஓ.பி.’ என்பார்கள். ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கும்போது அவர் தகுதியற்றவர் என்று காட்டினால்தான் அதில் புதிதாகக் காப்பாளரை நியமிப்பார்கள். மறுமணம் உங்கள் மனத்தில் இருக்கும்போது இரண்டு வழக்கு எதற்கு?

இந்த உத்தரவு கையில் வந்தால், நீங்கள் பயப்படுவதில் முக்கால்வாசி தீரும். அவர் திடீரென்று வந்து பள்ளி வாசலிலிருந்து பையனை அழைத்துக்கொண்டு போனால், இன்றைக்குப் போலீஸ், ‘தகப்பன்தானே, குடும்பப் பிரச்சினை’ என்று கைவிரிப்பார்கள். உத்தரவு இருந்தால் அது நீதிமன்றத்தை மீறியது. ஆனால் அவர் நல்லபடியாக வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நீதிமன்றம் சில மணி நேரம் பார்க்க அனுமதி கொடுக்கலாம். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். பையனுக்கு விவரம் தெரியும் வயது. நீதிபதி அவனையே தனி அறையில் கூப்பிட்டுக் கேட்பதும் உண்டு. அவனுக்கு எதையும் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒப்பித்தால் நீதிபதிக்குத் தெரிந்துவிடும்.

சம்மன் விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். ‘முகவரி தெரியாது’ என்று எழுதி, யாரும் படிக்காத பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாமனார் வீட்டு முகவரி, கடைசியாகத் தெரிந்த மலேசிய முகவரி, போன் எண், மின்னஞ்சல் என்று தெரிந்த எல்லாவற்றுக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டு, அதன்பிறகு நீதிமன்ற அனுமதியோடு பேப்பர் விளம்பரம். சம்மன் சரியாகச் சேரவில்லை என்று பிற்பாடு அவர் வந்து தீர்ப்பை நீக்கக் கேட்டால், அதற்குள் நீங்கள் மறுமணம் செய்திருந்தால், நிலைமை என்ன ஆகும்? தீர்ப்புக்குப் பிறகும் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை பொறுத்திருங்கள்.

ஜீவனாம்சம். மலேசியாவிலிருந்து மாதாமாதம் பணம் வரும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்டமாட்டேன். ஆனாலும் கேளுங்கள், இந்த மாதமே கேளுங்கள். மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; போடாத மாதம் போன மாதம்தான். ஆள் அங்கே இருந்தாலும் வளவில் அவர் பங்கு இங்கே இருக்கிறது. நிலுவை சேர்ந்தால் அந்தப் பங்கை ஜப்தி செய்யக் கேட்கலாம்.

வயதான காலத்தில் வந்து சோறு கேட்டால்? கேட்கும் உரிமையைச் சட்டம் அவருக்குத் தருகிறது. அதை இன்று அடைக்க வழி இல்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் மகன், சிறு வயதில் தன்னைக் கைவிட்டதாக நீதிமன்றமே எழுதிய தீர்ப்பை எடுத்து வைக்க முடியும். வெறும் வாய்வார்த்தையைவிட அது கனமானது. போடுவதா வேண்டாமா என்பதை அன்றைக்கு நாற்பது வயதில் இருக்கும் அவன் முடிவு செய்யட்டுமே.

பாஸ்போர்ட்டுக்கு நீங்கள் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்திவிட்டார்கள். விண்ணப்பத்தில் ஒரு பெற்றோர் பெயர் போதும். மற்றவரின் சம்மதம் கிடைக்காதபோது விண்ணப்பிக்கும் பெற்றோர் மட்டும் கையெழுத்திடும் உறுதிமொழி, ‘அனெக்ஸர் சி’, இணையதளத்திலேயே இருக்கிறது. அதை நிரப்பிக்கொண்டு மறுபடி போங்கள். கவுண்டரில் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுப்பவர்கள் குறைவு. விவாகரத்து மனு போட்ட பிறகு பையனை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவதானால் மட்டும் நீதிமன்றத்தில் ஒரு அனுமதி மனு கொடுத்துவிட்டுப் போங்கள்.

திருமணம் பதிவாகவில்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்தான். ஆனால் பதிவு இல்லாததால் திருமணம் இல்லாமல் போகாது. இரண்டு வீட்டாரும் கையெழுத்திட்ட இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் உங்கள் வீட்டில் எங்காவது இருக்கும், தேடுங்கள். நகரக் கோயிலில் நீங்கள் தம்பதியாகப் புள்ளிக் கணக்கில் சேர்ந்த பதிவும் உதவும். கூடவே பையனின் பிறப்புச் சான்று, 2018இலிருந்து உங்கள் வங்கிக் கணக்குப் புத்தகம், நீங்கள் கட்டிய பள்ளிக் கட்டண ரசீதுகள். பணம் வந்து நின்ற மாதத்தை அந்த வங்கிப் புத்தகமே சொல்லும். மதிப்பெண் அட்டையையும் எடுத்து வாருங்கள், கிறுக்கியதும் சேர்த்து.

வக்கீல் செலவுக்கு நகையை அடகு வைக்கப் போவதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவசம் என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் குழுவில் நானும் வருடக்கணக்கில் வழக்கு நடத்தியிருக்கிறேன். மட்டமாக நடத்தியதாக ஞாபகம் இல்லை.

அப்புறம், வளவில் உங்கள் அறைச் சாவியை ‘சும்மா சுத்தம் பண்ண’ என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள் என்றீர்களே. அதைக் கொடுக்காதீர்கள். இந்த வாரத்திலேயே ஒரு நாள் உங்கள் அண்ணனையோ வேறு பெரியவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போய், அறையைத் திறந்து, உள்ளே இருக்கும் உங்கள் சீர்ச் சாமான்களைப் படம் எடுத்து, பட்டியல் எழுதி, பூட்டிவிட்டு, சாவியைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள்.